விபத்து வழக்கும் வீட்டு உறுதியும்

விபத்து நடந்த மறுகிழமையே, காணி உறுதி எழுதும் நொத்தாரிசைத் தேடிப் போகிற பழக்கம் எங்கள் வன்னியில் இருக்கிறது. ஏ-9 வீதியில் ஆளை இடித்துவிட்டது, அவர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நாளைக்கு நட்டஈடு கேட்டு வழக்கு வந்தால் வீடு போய்விடும், ஆனபடியால் இன்றைக்கே வீட்டை மனைவியின் பெயருக்கோ மகளின் பெயருக்கோ மாற்றி எழுதிவிடுவோம் என்று யோசனை ஓடும். சொல்லிக் கொடுக்கிறவர்களும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உறுதி வீட்டைக் காப்பாற்றாது. பல வேளைகளில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகவே வந்து நிற்கும். வீட்டைக் காப்பது வாகனத்தின் காப்புறுதிப் பத்திரமும், அந்த நிறுவனத்துக்கு நேரத்தோடு போகும் ஒரு பதிவுத் தபாலும், அழைப்பாணை வந்த நாளில் நீங்கள் நீதிமன்றத்தில் நிற்பதும்தான். காணி எந்த வகை என்பதும் முக்கியம். அது வன்னிக்கே உரிய சங்கதி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில், வீட்டைத் தொடக்கூடிய வழக்கு எது என்று பார்ப்போம். ஒரு விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கலாம். ஒன்று பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் போடுவது. கவனயீனமாக ஓட்டியதற்கு மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும், உயிர் போயிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழும் வரும். அதில் தண்டப்பணம், சாரதி அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைத்தல், சிலவேளை மறியல். மற்றது, காயப்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ மாவட்ட நீதிமன்றத்தில் போடும் நட்டஈட்டு வழக்கு. வீட்டுக்கு ஆபத்து இந்த இரண்டாவதில். "கோர்ட்டில தண்டம் கட்டி முடிச்சாச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் இதை மறக்கிறார்கள். தண்டம் அரசாங்கத்துக்குப் போகிறது, நட்டஈடு அப்படியே மிச்சம் நிற்கிறது. அதோடு, நீதவான் முன் குற்றத்தை ஏற்றுக்கொண்டது பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் சொந்த ஒப்புதலாக எடுத்துக்காட்டப்படலாம். ஒரே தவணையில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கையை உயர்த்த முன்னர், காப்புறுதி நிறுவனத்தோடும் சட்டத்தரணியோடும் ஒருமுறை பேசிவிடுங்கள்.

நட்டஈட்டு வழக்கின் அடித்தளம் எங்கள் நாட்டில் உரோமன் டச்சுச் சட்டம். கவனயீனம் இருந்தது, அதனால் இழப்பு வந்தது என்று வழக்காளி காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு, இழந்த வருமானம், வலி, அங்கவீனம் எல்லாம் கணக்கில் வரும். ஒருவர் இறந்த இடத்தில், 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு நெருங்கிய உறவுகள் அன்பும் பராமரிப்பும் இழந்ததற்கும் கேட்க முடிகிறது. ஆகவே தொகைகள் முன்னைய காலம் மாதிரிச் சின்னதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

வழக்கு போட இரண்டு வருடம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆறு மாதம் சத்தமில்லாமல் போனது என்பதற்காக விபத்துக் கோப்பை எறிந்துவிடாதீர்கள். காயப்பட்டது பிள்ளை என்றால் அந்த இரண்டு வருடக் கணக்கு பிள்ளை பராயமடையும் வரை ஓடாது. பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வந்த பிள்ளையை இடித்த விபத்தின் கடுதாசிகளைப் பத்துப் பதினைந்து வருடம் கூடப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிவரும். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தபின் அதை நிறைவேற்ற வழக்காளிக்குப் பத்து வருடம் கிடைக்கிறது. இன்றைக்குக் கையில் காசில்லை என்று சொல்லித் தப்பினாலும், ஆறாவது வருடத்தில் வீடு கட்டி முடித்தபிறகு, தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் வந்து நிற்கலாம்.

வாகனத்தை வேறொருவர் ஓட்டியிருந்தால்? சம்பளத்துக்கு ஓட்டிய சாரதி, வேலை நேரத்தில் இடித்தால் முதலாளியும் பொறுப்பு. மகன் ஓட்டினான் என்ற ஒன்றுக்காக மட்டும் தகப்பன் பொறுப்பாக மாட்டார். ஆனால் தகப்பனின் அலுவலாக, உரம் ஏற்றவோ நெல்லுக் கொண்டுபோகவோ அனுப்பியிருந்தால் கதை வேறு. பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தால், ஓட்டினவர் உங்களுக்காகத்தான் ஓட்டினார் என்ற ஊகத்தில் இருந்துதான் வழக்கு தொடங்கும். இல்லை என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழும்.

இங்கேதான் 'ஓப்பின் பேப்பர்' பெரிய கேடு செய்கிறது. மோட்டார் சைக்கிளையோ பட்டா என்கிற சின்ன லொறியையோ விற்றுக் காசை வாங்கிக்கொண்டு, கையெழுத்து மட்டும் போட்ட வெறும் படிவத்தைக் கொடுத்துவிடுவது. வாங்கினவர் இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாம் ஆளுக்கு. நாலு வருடம் கழித்து மாங்குளத்தில் ஒருவரை இடிக்கும்போது புத்தகத்தில் இன்னும் உங்கள் பெயர்தான். வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது பழைய உரிமையாளருக்கான கடமை. விற்ற அன்றே, வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, விலை, திகதியோடு நேரத்தையும் எழுதிய விற்பனைக் கடிதம் ஒன்றை இரண்டு பிரதியாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கைமாறல் அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டை அந்தக் கடிதத்தோடு குத்தி வையுங்கள். நேரம் எழுதுவது ஏன் என்றால், வாகனத்தைக் கொண்டுபோகிற வழியிலேயே இடித்தாலும் அந்த நேரத்தில் அது யாருடைய கையில் இருந்தது என்று காட்டத்தான்.

இனிக் காணி. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவின்படி, தீர்ப்பின்படி பணம் கட்டவேண்டியவரின் விற்கக்கூடிய அசையும் அசையாச் சொத்து எதையும் பிஸ்கால் மூலம் கைப்பற்றி விற்க முடியும். விதிவிலக்கு ஒரு பட்டியல்: தேவையான உடுபுடவை, படுக்கை, தொழிற் கருவிகள், கமக்காரராயின் கமக் கருவிகளும் பிழைப்புக்கு அவசியமென்று நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதை நெல்லும் போன்றவை. மண்வெட்டியும் விதை நெல்லும் அந்தப் பட்டியலில் இருப்பது வன்னிக்காரருக்கு நல்ல சேதி. ஆனாலும் வங்கியில் இருக்கும் காசு, வியாபாரத்துக்கு அடுக்கி வைத்த நெல் மூட்டை, வயலுக்குத் தேவைக்கு மேலான உழவு இயந்திரம் எல்லாம் எட்டக்கூடியவை.

உங்கள் வீடு நிற்பது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்களிலும் முல்லைத்தீவு, வவுனியாவின் பல ஊர்களிலும் மக்கள் இருப்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில், அல்லது அதன் அடுத்த படியான அளிப்புப் பத்திரக் காணியில். இந்தக் காணிகளைச் சாதாரணக் காசுத் தீர்ப்புக்காகக் கைப்பற்றி விற்பதை அந்தச் சட்டமே தடுக்கிறது. குடியானவனின் நிலம் கடன்காரன் கைக்குப் போகக்கூடாது என்ற நோக்கில் எழுதப்பட்ட தடை அது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி நீங்களும் அதை விற்கவோ கொடுக்கவோ முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை ஒரு சுமையாகவே பலர் பார்க்கிறார்கள். விபத்து வழக்கு வந்த வீட்டில் அதுவே வேலியாக நிற்கிறது.

ஆகவே பெர்மிட் காணிக்காரர் விபத்துக்குப் பிறகு பதறியடித்துப் பெயர் மாற்ற ஓடுவது இரட்டை முட்டாள்தனமாகப் போகும் என்று கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. அனுமதியின்றி எழுதிய உறுதி செல்லாது. நிபந்தனையை மீறினார் என்று பெர்மிட்டை இரத்துச் செய்யவும் இடம் கொடுக்கும். வேலியை நீங்களே பிடுங்கி எறிவது போன்ற வேலை. 2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தில் முழு உரித்துள்ள உறுதி பெற்றவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். முழு உரித்து என்றால் விற்கவும் முடியும், ஈடு வைக்கவும் முடியும், அதே காரணத்தால் கடனுக்குக் கைப்பற்றவும் முடியும். வாகனத் தொழில் செய்கிற குடும்பம் அந்த மாற்றத்துக்கு விண்ணப்பிக்க முன்னர் இதையும் நிறுத்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே வங்கிக்கு ஈடு வைத்த காணி என்றால் வங்கியின் உரிமை தனியாக நிற்கும். மேலே சொன்ன தடை அதற்கு மருந்தாகாது.

காணிப் பத்திரங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். 2009இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்த பத்திரங்களுக்கு இன்னும் பிரதி எடுக்காத வீடுகள் இருக்கின்றன. பெர்மிட் என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பேரேட்டில் யார் பெயர் இருக்கிறது, அவருக்குப் பின் காணி சேரவேண்டிய பின்னுரித்தாளர் யார் என்று கேளுங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியும் பதிவுத் தாளின் பிரதியும் எடுங்கள். வழக்கு வந்த நேரத்தில் இந்தக் கடுதாசி கையில் இல்லாவிட்டால், பெர்மிட் காணி என்ற பாதுகாப்பை நீதிமன்றத்தில் காட்டவே வழியிருக்காது.

மனைவியின் சீதன வீடு வேறு கணக்கு. வட மாகாணத் தமிழருக்குப் பொருந்தும் வழமைச் சட்டமான தேசவழமையோடு சேர்த்து வாசிக்கவேண்டிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மனைவிக்குக் கலியாணத்தின்போது இருந்த சொத்தும் பிறகு அவருக்கென்று வந்த சொத்தும் அவருடைய தனிச் சொத்து என்றும், கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்றும் சொல்கிறது. அந்தச் சொத்தின் பயிர்ச்செய்கை, திருத்தம், பராமரிப்பு, வரி போன்றவற்றுக்காக எடுத்த கடன் மட்டுமே விதிவிலக்கு. கணவன் ஓட்டிய வாகனத்தின் விபத்துக்கும் மனைவியின் சீதனக் காணிக்கும் அந்த வகையில் தொடர்பில்லை. ஆனால் கலியாணத்துக்குப் பின் இருவரும் தேடிய தேட்டம் அப்படிச் சுத்தமாகப் பிரிந்து கிடக்காது. சீதனக் காணியில் கணவனின் சம்பளத்தால் எழும்பிய வீடு, இருவரின் பெயரிலும் வாங்கிய காணி எல்லாம் உறுதியையும் பணம் வந்த வழியையும் பார்த்துத்தான் சொல்லலாம். தேசவழமை தெரிந்த சட்டத்தரணியிடம் சீதன உறுதியையும் கட்டட அனுமதியையும் வங்கிப் பதிவையும் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாகனம் மனைவியின் பெயரில் பதிந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு தலைகீழாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சீதன வீடு உள்ள பெண்ணின் பெயரில் லொறியைப் பதிவது நல்ல யோசனை அல்ல.

இப்போது அந்த நொத்தாரிசு விஷயத்துக்கு வருவோம். பணம் வரவேண்டியவரை ஏமாற்றும் நோக்கில் செய்த கைமாற்றத்தைத் தள்ளிவைக்கக் கோரும் வழக்கு உரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. பவுலியன் வழக்கு என்பார்கள். விபத்துத் திகதி, உறுதித் திகதி, இரண்டுக்கும் இடையில் இருபது நாள். இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. விலைக்கு வாங்கியவராவது எனக்கு ஒன்றும் தெரியாது, காசு கொடுத்தே வாங்கினேன் என்று வாதாடலாம். நன்கொடையாகப் பெற்றவருக்கு அந்த வாதமும் இல்லை, அவருக்குத் தெரியாமல் இருந்தாலும் கைமாற்றம் கவிழும். அதைவிட மோசம், சொத்தை ஒளிக்கிறார் என்று காட்டி, தீர்ப்புக்கு முன்னரே சொத்தை முடக்கும்படி குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 653ஆம் பிரிவின் கீழ் வழக்காளி கேட்கலாம். சாதாரணமாக நாலு வருடம் நிதானமாக நடந்திருக்கும் வழக்கு, நீங்கள் எழுதிய உறுதியினாலேயே முதல் மாதத்தில் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். வீடு ஒருபோதும் பேச்சில் வந்திராத வழக்கில் கூட, இந்த உறுதி வீட்டைப் பேச்சுக்குள் இழுத்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரித்து எழுத விரும்பினால், எந்த விபத்தும் கடனும் இல்லாத காலத்தில், நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு எழுதி, உடனே பதிவும் செய்து, உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் ஆயுள் உரித்தை வைத்துக்கொள்ளலாம். அது குடும்ப ஏற்பாடு. விபத்துக்குப் பிறகு செய்வது வேறு பெயருக்குரியது. வாகனங்களைத் தொழிலாக வைத்து ஓட்டுகிறவர்கள், இரண்டு மூன்று லொறி அல்லது பஸ் உள்ளவர்கள், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி பதிந்து வாகனங்களையும் சாரதிகளையும் அதன் பெயரில் கொண்டுவருவது நேர்மையான வழி. பதிவுப் புத்தகத்தில் கம்பனி, காப்புறுதியில் கம்பனி, சம்பளம் கம்பனிக் கணக்கிலிருந்து. பெயருக்குக் கம்பனி வைத்துவிட்டுச் சம்பளத்தைச் சட்டைப்பையிலிருந்து கொடுத்தால் பயனில்லை. நீங்களே ஓட்டி இடித்தால் கம்பனி உங்களை மறைக்காது.

காப்புறுதிதான் உண்மையான சுவர். மோட்டார் போக்குவரத்துச் சட்டம் எல்லா வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் அந்தக் கட்டாயம் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் மட்டும். அடுத்தவரின் மதில், கடை, வான் சேதமானால் கொடுக்கும் தொகை உங்கள் பத்திரத்தில் தனி வரியில் இருக்கும், பழைய பத்திரங்களில் அது மிகச் சின்னத் தொகையாகவும் இருக்கும். இன்றைக்கு ஒரு ஹயஸ் வானின் முன்பக்கத்தை இடித்தாலே என்ன செலவு வரும் என்று யோசித்துப் பார்த்து, அந்த எல்லையைக் கூட்டித் தரும்படி கேளுங்கள். மேலதிகக் கட்டணம் முழுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரிதாக இராது. 'தேர்ட் பாட்டி' எடுப்பதா 'ஃபுல் இன்சூரன்ஸ்' எடுப்பதா என்று பேசும்போது எல்லோரும் தங்கள் வாகனத்தின் சேதத்தையே பார்க்கிறார்கள். வீட்டைக் காக்கிற வரி மூன்றாம் நபருக்குரிய வரிதான், அதை முதலில் வாசியுங்கள்.

வன்னியில் காப்புறுதி எங்கே ஓட்டையாகிறது என்றால், உழவு இயந்திரத்தில். அறுவடை நேரம் அதன் பின்னால் இழுபடும் பெட்டியில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறோம். கட்டாயக் காப்புறுதி வாகனத்தில் இலவசமாக ஏறி வருகிறவரைப் பொதுவாக உள்ளடக்காது. கூலிக்கு வந்த வேலையாளுக்கு வேலை நேரத்தில் நேர்ந்த காயம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் பக்கம் போகும். பெட்டி கவிழ்ந்தால், ரோட்டில் நின்ற ஒருவருக்குக் காப்புறுதி கொடுக்கும், பெட்டியில் இருந்த இருபது பேருக்கு நீங்கள் கொடுப்பீர்கள். பெட்டிக்குத் தனிப் பதிவு இலக்கம் உண்டு. அந்த இலக்கமும் காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறுபவர்களுக்கான மேலதிகப் பாதுகாப்பு, வேலையாளருக்கான பாதுகாப்பு இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆட்களை ஏற்றுவதற்கு ஒரு வானைப் பிடிப்பதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். லாண்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரம், பெட்டியின் பின்புறம் இரவில் ஒரு சிவப்பு ஒளித்தெறிப்பான் கூட இல்லாமல் ஏ-35 வீதியில் போகிறது. அதன் பின்னால் வந்து மோதுகிறவர் இறந்தால், வழக்கில் முதல் கேள்வி அந்த விளக்கைப் பற்றித்தான் வரும்.

அடுத்த ஓட்டைகள் சுருக்கமாக: சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானில் காசுக்கு ஆள் ஏற்றுவது, அந்த வகை வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் இல்லாத பொடியனிடம் திறப்பைக் கொடுப்பது, குடித்துவிட்டு ஓட்டுவது, காலாவதியான காப்புறுதி அட்டை. இவற்றில் சிலவற்றில் நிறுவனம் காயப்பட்டவருக்குச் சட்டப்படி கொடுத்துவிட்டு, கொடுத்த காசை உங்களிடம் திருப்பிக் கேட்கும். காயப்பட்டவர் காப்பாற்றப்படுகிறார், உங்கள் வீடு மறுபடியும் வரிசையில் நிற்கிறது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது காப்புறுதி முடியும் திகதியையும் கைபேசியில் குறித்து, பத்து நாள் முந்தியே புதுப்பியுங்கள்.

இடித்துவிட்டால் அந்த இடத்தில் செய்யவேண்டியவை. நிறுத்துங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், பொலிசுக்கு 119. காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய நிலை என்றால் போங்கள், ஆனால் அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையம். சனம் அடிக்கும் என்ற பயத்தில் ஓடிவிடுவது சட்டத்திலும் காப்புறுதியிலும் மிக மோசமான இடத்தில் கொண்டுபோய் விடும். பயம் உண்மையானதென்றால் அடுத்த பொலிஸ் நிலையத்துக்கு ஓட்டிப்போய் உடனே முறைப்பாடு செய்யுங்கள். வாகனத்தை அசைக்க முன்னர் படம் எடுங்கள்: நாலு பக்கத்திலிருந்தும் முழு இடம், டயர் தேய்ந்த தடம் தொடங்கும் இடமும் முடியும் இடமும், கண்ணாடித் துண்டு கிடக்கும் இடம், வீதியின் வெள்ளைக் கோடு, மற்ற வாகனத்தின் விளக்குகள், இலக்கத் தகடு. ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தால் அதையும், கட்டாக்காலி மாடு நின்றால் அதன் சூட்டுக் குறியையும். தடத்தின் நீளத்தைக் காலடியால் அளந்து எழுதி வையுங்கள். கண்ட இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். அடுத்த நாள் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தப் படங்களுக்குப் பெறுமதி ஏன் என்றால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி இரு தரப்பிலும் பிழை இருந்தால் நட்டஈடு பிழையின் அளவுக்கு ஏற்பக் குறையும். இருட்டில் விளக்கில்லாச் சைக்கிளில் நடு ரோட்டால் வந்தவர் என்பதைக் காட்டும் ஒரு படம், தீர்ப்புத் தொகையைப் பாதியாக்கலாம். அந்தப் பாதியே சிலவேளை காப்புறுதி எல்லைக்குள் அடங்கும் தொகைக்கும் வீட்டை எட்டும் தொகைக்கும் இடையிலான வித்தியாசம்.

பொலிசில் கொடுக்கும் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாசிக்க முடியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டாம், தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்கக் கேளுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், வேகத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள், "என்ர பிழைதான், எல்லாம் நான் பார்க்கிறன்" என்று மனம் நொந்து சொல்லாதீர்கள். காயப்பட்டவருக்கு உதவி செய்வது வேறு, பொறுப்பை எழுத்தில் ஏற்பது வேறு. மோட்டார் வாகனப் பரிசோதகர் பிரேக்கையும் ஸ்டீரிங்கையும் பார்த்து முடிக்கும்வரை கராஜில் ஒரு ஆணியும் கழற்றக்கூடாது. பிரேக் நன்றாக இருந்தது என்ற அவருடைய அறிக்கை உங்களுக்குத்தான் உதவும்.

அதே இடத்திலிருந்து காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்து, தரப்படும் இலக்கத்தை எழுதி வையுங்கள். சின்னச் சேதம், கோரிக்கையற்ற சலுகை ('நோ கிளெய்ம் போனஸ்') குறைந்துவிடும் என்று சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. அன்று கால் சுளுக்கு என்று போனவர், மூன்றாம் மாதம் முழங்கால் சத்திரசிகிச்சைச் சிட்டையோடு வருவார். அப்போது நிறுவனம், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் இல்லை.

பிறகு வருவது கோரிக்கைக் கடிதம். எதிர்த் தரப்புச் சட்டத்தரணி ஒரு தொகை கேட்டு அனுப்புவார். அதற்கு நீங்களாகப் பதில் எழுதாமல், கடிதத்தின் பிரதியை அன்றே காப்புறுதி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த இடத்தில் ஒரு பிரிவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்குக் கிடைத்த தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனம் கட்ட வேண்டும் என்கிறது. ஆனால் 106ஆம் பிரிவின்படி, வழக்கு தொடங்க முன்னரோ தொடங்கி ஏழு நாட்களுக்குள்ளோ வழக்குத் தரப்பினர் ஒருவர் அந்த வழக்கைப் பற்றி நிறுவனத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். கணக்கு ஓடுவது முறைப்பாட்டு மனு தாக்கலான நாளிலிருந்து. உங்கள் கையில் அழைப்பாணை கிடைக்கும்போது அந்த ஏழு நாள் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே கோரிக்கைக் கடிதம் வந்த உடனேயே, விபத்துத் திகதி, வாகன இலக்கம், பத்திர இலக்கம், வழக்காளியாக வரக்கூடியவரின் பெயர், எந்த மாவட்ட நீதிமன்றத்தில் வரக்கூடும் என்பதெல்லாம் குறிப்பிட்டு, இந்த வழக்குப் பற்றிய அறிவித்தலாக இதைக் கொள்ளவும் என்று எழுதி அனுப்புங்கள். அழைப்பாணை கிடைத்த அன்றும் வழக்கிலக்கத்தோடு மறுபடி அனுப்புங்கள். அறிவித்தீர்களா என்று எதிர்த் தரப்புச் சட்டத்தரணியிடம் உங்கள் சட்டத்தரணி மூலம் கேட்பதிலும் வெட்கமில்லை. நிறுவனம் கட்டுவதில் அவருடைய கட்சிக்காரருக்கும் நன்மை இருக்கிறது. இரண்டு தபால் துண்டுகள். வீட்டுக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது.

அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் வரும். வாகனப் பதிவில் இடம்பெயர்வுக்கு முந்திய விலாசம், அடையாள அட்டையில் வேறு விலாசம், இருப்பது மூன்றாம் இடத்தில் என்றால் அது உங்களை வந்து சேராமலே போகலாம். விலாசங்களை ஒன்றாக்குங்கள், கிராம அலுவலரிடம் தற்போதைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். தவணைக்குப் போகாவிட்டால் ஒருதலைப்பட்ச விசாரணை நடக்கும், வழக்காளி கேட்ட தொகையை மறுக்க ஆள் இருக்காது. அந்தத் தீர்ப்பாணை உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம். பதினைந்தாம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். காப்புறுதி நிறுவனம் சட்டத்தரணியை அனுப்புகிறது என்றாலும், கேட்ட தொகை பத்திர எல்லையைத் தாண்டினால் உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். எல்லைக்கு மேலுள்ள தொகையில் அவர்களுக்கு அக்கறையில்லை, உங்கள் வீடு இருப்பது அங்கேதான்.

சமாதானமாக முடிப்பதை நாங்கள் விரும்புகிறோம். காயப்பட்டவரும் அநேகமாக எங்களைப் போன்ற குடும்பம், அவர்களுக்கு நியாயமானது கிடைக்கவேண்டும். ஆனால் பொலிஸ் நிலைய வாசலில் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி இரண்டு இலட்சம் கொடுத்து முடித்ததாக நினைப்பது முடிவாகாது. காப்புறுதி நிறுவனத்தின் எழுத்துமூல சம்மதமின்றித் தொகை பேசினால் நிறுவனம் கைவிரிக்கலாம். கடுதாசியில் இந்த விபத்திலிருந்து எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான இறுதித் தீர்வாக என்ற வாசகம் இல்லாவிட்டால், கொடுத்தது உதவிக் காசாகவே எண்ணப்படும். சிறு தொகைப் பிணக்கென்றால் மத்தியஸ்த சபையில் வைத்து எழுதுவது பலமானது. காயப்பட்டது பிள்ளை என்றால், பிள்ளைக்காக நடக்கும் வழக்கில் தாய் தகப்பன் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும்.

தீர்ப்பு வந்து தொகை மிஞ்சினாலும் தவணை முறையில் கட்ட இரு தரப்பும் இணங்கி நீதிமன்றத்தில் பதியலாம். ஒவ்வொரு தவணையையும் நீதிமன்றத்தில் கட்டுங்கள், அல்லது வழக்காளியிடம் நேரே கொடுத்தால் அதை நீதிமன்றத்துக்குச் சான்றுபடுத்தச் சொல்லுங்கள். வெளியே கொடுத்துச் சான்றுபடுத்தாத காசைத் தீர்ப்பாணை நிறைவேற்றும்போது நீதிமன்றம் கணக்கில் எடுக்காது, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 349ஆம் பிரிவு அதற்குத்தான். கடைசித் தவணை முடிந்ததும் காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதியின் பதிவுத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். கைப்பற்றல் அறிவித்தல் ஏதும் அதில் பதிந்திருந்தால், அதை நீக்கும் நீதிமன்றக் கட்டளையையும் எடுத்து அதே தாளில் பதிவித்து, பிரதியை வீட்டு உறுதியோடு வையுங்கள்.